பாரிசைச் சுற்றிய கோடு

“உந்தக் கோடு ஏன் பாரிசுக்குள்ளாலை போகுது?”

கலாதேவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியாலேயே மடிக்கணினித் திரையைக் காட்டினாள். அவர்கள் வசிக்கும் கெல்சென்கிர்ச்சனில் தொடங்கிய நீலக்கோடு பெல்ஜியத்தைக் கடந்து, பிரான்சுக்குள் இறங்கி, பாரிசின் நெஞ்சில் ஏறி மிதித்து, அதன்பிறகுதான் ஸ்பெயினின் வடகரைக்குப் போனது.

“அது கூகுள் போடுற கோடு அம்மா. உதுதான் கிட்ட,” என்றாள் மகள் பிருந்தா.

“கிட்டவோ? போன முறை உந்தக் கிட்டத்தாலை போய்த்தான் நான் இருநூறு பற்றிஸ் சுட்டனான்.”

பேச்சு மகளிடம் போனாலும் அடி தனக்குத்தான் என்று கணவர் ரவிச்சந்திரனுக்குத் தெரியும்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இரும்புச் சட்டங்களை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருட வேலை. நானூற்றைம்பது பாகை வெப்பத் தொட்டியருகே நின்று நின்று புருவத்தில் மயிர் ஒழுங்காக முளைப்பதில்லை. கலாதேவி முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் ஈரத்துணி தூக்குகிறாள். வலது கை தோளுக்கு மேல் உயராது. இருவருக்கும் வருடாவருடம் விடுமுறை உண்டு. அந்த விடுமுறை இலண்டனில் ஒரு கலியாணம், சூரிச்சில் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்கு, டென்மார்க்கில் யாரோ ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள் என்று மண்டபம் மண்டபமாகப் போய்த் தீரும். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளின் குசினிகளைக் கலாதேவி பார்த்திருக்கிறாள். கடலில் ஒரு நாட்டிலும் கால் நனைத்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே ஸ்பெயினுக்குத்தான் புறப்பட்டார்கள். பாரிசில் ரவிச்சந்திரனின் அண்ணன் குணரத்தினம் குடும்பத்தோடு இருக்கிறார். “வழிதானே, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்,” என்று ரவிச்சந்திரன் பெல்ஜிய எல்லையில் நின்று தொலைபேசி எடுத்தார். தேநீர் மத்தியானச் சாப்பாடானது. சாப்பாடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நின்றுவிட்டுப் போங்கோ என்பதானது. அந்தப் பிறந்தநாளுக்குத்தான் கலாதேவி எண்ணெய்ச் சட்டியருகே நின்று இருநூறு பற்றிஸ் பொரித்தாள். ஐந்தாம் நாள் விடுமுறை முடிந்து, காரை வடக்கே திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

“செப்ரெம்பரிலை இவள் ஹம்பேர்க்குக்கு நேர்ஸ் படிக்கப் போயிடுவாள்,” என்றாள் கலாதேவி. “அதுக்குப் பிறகு ஆரோடை போறது? இந்த முறை நான் கடலைப் பாக்கோணும். ஒருத்தற்றை குசினியையும் பாக்கமாட்டன். பாரிஸ் பக்கம் கார் திரும்பிச்சுதெண்டா நான் இறங்கி நடந்து வீட்டை வந்திடுவன். சொல்லிப்போட்டன்.”

பிருந்தா கோட்டை விரலால் பிடித்து இழுத்தாள். ரீம்ஸ், துருவா, ஓர்லியோன் என்று நகரங்களைத் தொட்டு அது பாரிசை விட்டு விலகி, வீங்கிய வயிறு போல வளைந்தது.

“எண்பது கிலோமீற்றர் கூட.”

“எண்ணூறு எண்டாலும் பரவாயில்லை.”

பிருந்தா அந்த வரைபடத்தைத் தாளில் அச்செடுத்து, சான் செபஸ்தியான், சந்தாந்தேர், ஹிஹோன் என்று தங்குமிடங்களையும் திகதிகளையும் ஓரத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

“அப்பா, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. பெரியப்பாட்டை நேரை சொன்னா என்ன? நாங்கள் ஸ்பெயினுக்குப் போறம், உங்களிட்டை வரேல்லை. முடிஞ்சுது.”

தாயும் தகப்பனும் அவளைப் பார்த்த பார்வை, துத்தநாகத் தொட்டிக்குள் கையை விடு என்று அவள் சொன்னது போலிருந்தது.

“உப்பிடிச் சொல்லேலாது பிள்ளை.”

“ஏன்?”

“ஏலாது எண்டா ஏலாது.”

அன்று பின்னேரம் ரவிச்சந்திரன் அன்ரனின் தமிழ்க்கடைக்குப் போனார். காரின் கூரையில் பூட்டுகிற நீளப் பெட்டி ஒன்று அன்ரனிடம் சும்மா கிடந்தது. அதை இரவல் கேட்டார்.

“எங்கை ரவியண்ணை பயணம்?”

“சும்மா, பக்கத்திலை.”

“பக்கத்துக்கு ஏன் அண்ணை கூரைப் பெட்டி? எத்தினையாம் திகதி வேணும் எண்டாவது சொல்லுங்கோ.”

பெட்டி தேவைப்பட்டதால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓகஸ்ட் இரண்டாம் திகதி, சனிக்கிழமை, ஸ்பெயின்.

“உனக்குள்ளை இருக்கட்டும் அன்ரன்.”

“எனக்கென்னண்ணை, நான் ஆருக்குச் சொல்லப் போறன்,” என்றான் அன்ரன், தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசியை இடுக்கியபடி வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டு.

மறுநாள் ஞாயிறு. ஞாயிறு பதினொரு மணிக்குக் குணரத்தினம் தம்பியை அழைப்பது வழக்கம். அன்று பத்தே காலுக்கே அழைத்தார்.

“டேய் ரவி, ஓகஸ்ட்டிலை லீவோ உனக்கு?”

ஆலையில் வியர்க்காத இடமெல்லாம் ரவிச்சந்திரனுக்கு வியர்த்தது. கலாதேவி அடுப்படியிலிருந்து கண்ணால் குத்தினாள்.

“இல்லையண்ணை. வேலை. ஒரு நாளும் விடமாட்டாங்களாம்.”

“ஒரு நாளுமோ?” என்று இழுத்தார் குணரத்தினம். “சனமெல்லாம் ஸ்பெயின், போத்துக்கல் எண்டு போகுது. நீ ஒரு இடமும் போகேல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லு.”

“நாங்கள் எங்கையண்ணை போறது? வீடுதான், வேலைதான்.”

மறுமுனையில் குணரத்தினம் பெருமூச்சு விடுவது கேட்டது.

“அப்ப நாங்கள் அங்கை வாறம். ஓகஸ்ட் ரெண்டு, சனிக்கிழமை. எனக்கு ரெண்டு கிழமை லீவு. நீ வேலைக்குப் போ, நாங்கள் வீட்டிலை இருப்பம். என்ன, வரலாம்தானே?”

“ஓம் ஓம். வாங்கோ. சந்தோசம்,” என்றது ரவிச்சந்திரனின் வாய்.

தொலைபேசியை வைத்ததும் கலாதேவி வந்து முன்னால் நின்றாள்.

“என்ன சந்தோசம்?”

சொன்னார்.

“நாங்கள் வெளிக்கிடுற நாளோ? அந்த நாளோ? அப்ப வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே!”

“அண்ணை வாறன் எண்டா எப்பிடியப்பா வேண்டாம் எண்டுறது?”

“வாயாலை!” என்றாள் பிருந்தா தன் அறைக்குள்ளிருந்து.

ஒரு கிழமை முழுக்க ரவிச்சந்திரன் தொட்டியருகே நின்று யோசித்தார். கொக்கியில் சட்டங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை ஒரு நல்ல காரணம் வந்தது. ஞாயிறு வரை அதை ஒத்திகை பார்த்தார்.

“அண்ணை, ஒரு கரைச்சல். படுக்கையறைச் சுவரெல்லாம் தண்ணி ஊறிப் பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு. படுக்க இடமில்லை. நாங்களே சாப்பாட்டு மேசைக்குக் கீழைதான் படுக்கிறம். இந்த முறை நீங்கள் வந்து கஷ்டப்படக் கூடாது, அதுதான்...”

“பூஞ்சணமோ?” என்றார் குணரத்தினம். “டேய், நான் பாரிசிலை இருபத்தாறு வரியமா ஊரான் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயின்ற் அடிக்கிறன். என்ரை தம்பி வீட்டிலை பூஞ்சணம் எண்டு கேட்டிட்டுச் சும்மா இருக்கேலுமோ? எங்கை, படம் எடுத்து அனுப்பு பாப்பம்.”

கலாதேவி தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“உலகத்திலை வேறை பொய்யே கிடைக்கேல்லையோ உங்களுக்கு? நாரி நோவு, நிமிரேலாது எண்டிருக்கலாம். சளிக்காய்ச்சல் எண்டிருக்கலாம். பெயின்ற் அடிக்கிற மனுசனிட்டைப் போய்ச் சுவர் பழுது எண்டு சொல்லியிருக்கிறியளே!”

“அந்த நேரத்திலை அவர் பெயின்ரர் எண்டது நினைவுக்கு வரேல்லையப்பா.”

“இருபத்தாறு வரியம்! நினைவுக்கு வரேல்லை!”

படம் கேட்டால் படம் அனுப்பத்தான் வேண்டும். படுக்கையறை அலுமாரியை இழுத்து, அதன் பின்னால் இருந்த சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்படியும் மறுபடி மறைந்துவிடும் இடம். தேயிலைச் சாயத்தில் பஞ்சை முக்கி ரவிச்சந்திரன் சுவர்த்தாளில் ஒற்றினார். நிறம் போதவில்லை. இன்னும் ஒற்றினார். மரச்சீவல் கலந்து ஒட்டிய பழைய தாள். அது தண்ணீரைக் குடித்து வீங்கி, மேலிருந்து கீழாக ஒரு வேட்டி அகலத்துக்கு அப்படியே கழன்று அவர் தலையில் விழுந்தது.

தாளுக்குப் பின்னால் சுவர் கறுப்பாக இருந்தது. உண்மையான பூஞ்சணம். இந்த வீட்டுக்கு வந்த எட்டு வருடமாக அலுமாரிக்குப் பின்னால் வளர்ந்தது, ஆட்டுத்தோல் போல மயிரடர்ந்து நின்றது.

“வாழ்த்துகள் அப்பா,” என்றாள் பிருந்தா. “நீங்கள் பொய் சொல்லேல்லை.”

படத்தை அனுப்பினார்கள். அண்ணன் பார்த்துவிட்டதற்கான நீலக்குறி உடனே விழுந்தது. பதில் அழைப்பு வர அரைமணி நேரமானது. குணரத்தினத்தின் குரல் செத்தவீட்டுக்குப் புறப்படுகிறவனுடையது போலிருந்தது.

“டேய், இது பகிடி இல்லை. உண்மையாவே பூஞ்சணம். பிள்ளைக்கு நெஞ்சு பிடிச்சிடும். சரி... என்ன செய்யிறது. ரெண்டாம் திகதி வாறம்.”

மூன்றாம் நாள் சோற்றைக் கோப்பையில் போட்டபடி கலாதேவியே ஒரு வழி சொன்னாள்.

“அவை சனிக்கிழமைதானே வருவினம்? நாங்கள் வெள்ளிக்கிழமை உங்கடை வேலை முடிஞ்ச கையோடை வெளிக்கிடுவம். போற வழியிலை போன் அடிச்சு, கொம்பனி திடீரெண்டு பிறேமன் கிளைக்கு அனுப்பிப்போட்டுது, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவங்கள் எண்டு சொல்லுங்கோ.”

“கொம்பனி எங்கை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும்?”

“நீங்கள் கதைக்காதேங்கோ. பூஞ்சணத்தைவிட இது திறம்.”

ஓகஸ்ட் முதலாம் திகதி, வெள்ளி. இரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. இரண்டே முக்காலுக்குக் காரின் கூரையில் அன்ரனின் பெட்டி பூட்டியாகிவிட்டது. கலாதேவி ஒரு சட்டிகூட ஏற்றவில்லை. மிளகாய்த்தூள் இல்லை, சோற்றுக் கோப்பை இல்லை. புதுச் செருப்பொன்று வாங்கியிருந்தாள், கடற்கரை மணலுக்கென்று. அதை அப்போதே போட்டுக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறி இருக்கை வாரைக் கொழுவினாள். இருபது வருடங்களில் அவளை அப்படிச் சிரித்த முகத்தோடு ரவிச்சந்திரன் கண்டதில்லை.

பிருந்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். ரவிச்சந்திரன் சாவியைத் திருகினார்.

தெருமுனையில் ஒரு வெள்ளை வான் திரும்பியது. பாரிஸ் இலக்கத் தகடு. கூரையில் ஏணி.

“அம்மாளாச்சி,” என்றாள் கலாதேவி.

வான் அவர்கள் காரின் மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. குணரத்தினம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறுபக்கத்தால் அவர் மனைவி எவ்லின் இறங்கினாள். தலையில் அகலமான வெயில் தொப்பி. கெல்சென்கிர்ச்சனில் அன்று தூறல்.

“சனிக்கிழமை றோட்டிலை சனமாயிருக்கும் எண்டு ஒரு நாள் முந்தி வந்திட்டம்,” என்றார் குணரத்தினம். அவர் கண் கூரைப் பெட்டியில் போய் நின்றது. “என்ன தம்பி, பெட்டி? எங்கையும் பயணமோ?”

குரலில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது போலப் பிருந்தாவுக்குப் பட்டது. அவள் தகப்பனின் காதுக்குள் சொன்னாள்: “இப்ப சொல்லுங்கோ அப்பா. இப்ப. நேரை.”

ரவிச்சந்திரன் வாயைத் திறந்தார். அண்ணன் முந்நூறு மைலுக்கு ஏணி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

“பெயின்ற் பட்டிடும் எண்டு... வீட்டுச் சாமானை எல்லாம் பெட்டிக்கை போட்டு வைச்சிருக்கிறன் அண்ணை.”

குணரத்தினத்தின் முகம் விழுந்தது. “கெட்டிக்காரன்,” என்றார், ஒரு வார்த்தையாக. பிறகு ஏணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

கலாதேவி வாரைக் கழற்றாமல் பத்து நிமிடம் காருக்குள்ளேயே இருந்தாள். பிறகு இறங்கிப் போய் அரிசி கழுவினாள், புதுச் செருப்போடு.

திங்கட்கிழமை காலையில்தான் ரவிச்சந்திரனுக்கு முதல் பொய் நினைவு வந்தது. அவருக்கு விடுமுறை இல்லை. ஒரு நாளும் விடமாட்டார்கள். ஆகவே ஐந்தரைக்கு எழுந்து, வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு புறப்பட்டார். போக இடமில்லை. ரைன்-ஹெர்னே கால்வாய்க் கரையில் ஒரு மர வாங்கில் போய் உட்கார்ந்தார். பழைய இரும்பு ஏற்றிய படகுகள் இரண்டு போயின. பத்து மணிக்கு இடியப்பம் தின்றார். மழை வந்தது. பாலத்துக்குக் கீழே போய் நின்றார். இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தார்.

“களைச்சுப் போனாய்,” என்றார் ஏணியில் நின்ற குணரத்தினம்.

“ஓமண்ணை. சரியான வேலை.”

இப்படியே ஒவ்வொரு நாளும். எவ்லின் அவர் உடுப்பைத் துவைக்க வாங்கும்போது விரித்துப் பார்த்து, அப்படியே மடித்து வைத்தாள்.

குணரத்தினம் வேலையில் குறை வைக்கவில்லை. படுக்கையறைத் தாள் முழுவதையும் உரித்தார், பூஞ்சணத்தைச் சுரண்டினார், மருந்தடித்தார், காயவிட்டார், பூசினார். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் மற்றச் சுவர்கள் ஊத்தையாகத் தெரிந்தன. ஆகவே வரவேற்பறை, பிறகு நடை. இருபத்தாறு வருடக் கை, அரை வேலையோடு நிற்காது. கலாதேவி மூன்று நேரமும் ஐந்து பேருக்குச் சமைத்தாள். மீனில்லாவிட்டால் குணரத்தினத்துக்குச் சோறு இறங்காது.

“இண்டைக்கு நாங்கள் சான் செபஸ்தியானிலை நிண்டிருக்கோணும்,” என்று பிருந்தா குசினி வாசலில் வந்து மெல்லச் சொல்வாள். “அறையை வேண்டாம் எண்டு எழுதிப்போட்டன்.” இரண்டு நாள் கழித்து: “இண்டைக்கு சந்தாந்தேர். பச்சை மலை நேரை கடலுக்குள்ளை இறங்குமாம்.”

“வாயைப் பொத்திக்கொண்டு தேங்காய்ப்பாலைக் கரை,” என்பாள் கலாதேவி. இரவு கணவனிடம், “உங்களுக்காவது வாய்க்கால் கிடைச்சுது,” என்றாள்.

இரண்டாம் கிழமை வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது. படுக்கையறைக்குத் தன் வானுக்குள் மிஞ்சிக் கிடந்த நீலப் பெயின்ற் பூசியிருந்தார் குணரத்தினம். கலாதேவி வாசலில் நின்று சுவரை வெகுநேரம் பார்த்தாள்.

“பிடிச்சிருக்கோ?” என்றார் அவர்.

“கடல் மாதிரி இருக்கு,” என்றாள் அவள். அதைச் சொன்ன விதத்தில் குணரத்தினம் தூரிகையைக் கீழே வைத்தார்.

ரவிச்சந்திரன் அப்போதுதான் “வேலை”யிலிருந்து வந்து, சாப்பாட்டுப் பெட்டியோடு நடையில் நின்றார். எதிரே குசினியில் எவ்லின் பெயின்ற் வாளிக்குக் கீழே போட ஒரு தாள் தேடிக்கொண்டிருந்தாள். மேசை லாச்சியொன்றை இழுத்தாள். அவர்கள் வந்த அன்று அவசரத்தில் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து பிடுங்கி ஒளித்த தாள் அதற்குள் மேலேயே கிடந்தது.

அவள் அதை மேசையில் விரித்தாள். கெல்சென்கிர்ச்சனிலிருந்து புறப்பட்ட கோட்டை விரலால் தொடர்ந்தாள். ரீம்ஸ், துருவா, ஓர்லியோன். பாரிசைச் சுற்றிய வளைவில் விரல் நின்றது. ஓரத்தில் திகதிகள். கலாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். ரவிச்சந்திரன் சாப்பாட்டுப் பெட்டியோடு குசினிக்குள் வந்தார்.

“எவ்வளவு வடிவா வளைச்சிருக்கிறியள்,” என்றாள் எவ்லின். அவள் குரலில் கோபமில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணி, அது வந்து... பிள்ளை சும்மா...”

“விடுங்கோ தம்பி. நீங்கள் பெட்டி இரவல் கேட்ட அண்டைக்கே அன்ரன் எங்களுக்குச் சொல்லிப்போட்டான், திகதியோடை. உங்கடை வேலை உடுப்பிலையும் ஒரு நாள் எண்டாலும் ஊத்தையைக் காணேல்லை.”

குணரத்தினம் நீலச் சுவரைப் பார்த்தபடி திரும்பி நின்றார். அவர் பிடரி சிவந்திருந்தது.

ரவிச்சந்திரன் கேட்டார்: “தெரிஞ்சும் பிறகேன் அண்ணி நீங்கள் இஞ்சை வந்தனீங்கள்?”

எவ்லின் அந்தத் தாளை நான்காக மடித்து வாளிக்குக் கீழே வைத்தாள்.

“முந்தின முறை மாதிரிப் போற வழியிலை எங்கடை வீட்டிலை வந்து நிண்டிடுவியள் எண்ட பயத்திலைதான் தம்பி இவர் முந்திக்கொண்டு வாறம் எண்டவர். நீங்கள் வேண்டாம் எண்டுவியள் எண்டுதான் நினைச்சவர். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தா, இண்டைக்கு நாங்களும் கடலிலை நிண்டிருப்பம்.”